கட்டுக்குத் தப்பிய கைகள்

முதலில் கையைத்தான் நீட்டுவார். கும்பிடு போடத் தெரியாதவர் இல்லை. கும்பிட்டால் எதிரே இருப்பவர் தள்ளி நின்றே தப்பித்துவிடுவார் என்பது அவர் கட்சி. பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஏலம் கூவுகிறவர், லாரி டிரைவர், டீ கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் வலது கையை முன்னால் நீட்டி, "கை குடுங்க" என்பார். கொடுத்த கையைச் சட்டென்று விடவும் மாட்டார். நன்றாகப் பிடித்துக் குலுக்கி, எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பு வரும்வரை வைத்திருந்து, அப்புறம் சாவகாசமாகச் சொல்வார்:

"இப்ப நீங்க ரெண்டு பேருக்குக் கை குடுத்திருக்கீங்க. ஒருத்தன் நான். இன்னொருத்தன் செத்துப் போயிட்டான்."

சிலர் புரியாமல் சிரிப்பார்கள். சிலர் அப்போதுதான் அந்தக் கையைக் குனிந்து பார்ப்பார்கள். முழங்கைக்குக் கீழே தோலைச் சுற்றி வளையல் போட்டது மாதிரி ஒரு தையல் தடம். தடத்துக்கு மேலே அவர் நிறம், நல்ல கறுப்பு. கீழே மாநிறம். பார்த்ததும் கையை உதறுகிறவர்கள் உண்டு. ஒரு வியாபாரி அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

"தொடச்சா போயிருமா மாமா? புடிச்சது புடிச்சதுதான்!" என்று மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார் இவர். வியாபாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இவர் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிப் பேச ஆரம்பித்துவிட்டார். கண் குடுக்கலாம்னு தெரியும், கிட்னி குடுக்கலாம்னு தெரியும், கை குடுக்கலாம்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?

நான் அப்போது பிசியோதெரபி முடித்துவிட்டு பாலக்கோட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருந்தேன். அவர் எங்களிடம் விரல் பயிற்சிக்கு வருவார். வந்தவரோடு நானும் மண்டிக்குக் கிளம்பிவிட்டது எப்படி என்று என் அம்மா இன்னமும் கேட்கிறாள். எனக்கு அதில் அதிசயமே இல்லை. பாடப் புத்தகத்தில் இரண்டே வரி இருந்த ஒரு விஷயம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "பாப்பா, கை குடு" என்றால் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்?

அவர் கைகள் போன கதையை அவர் சொல்லிக் கேட்டால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். வயக்காட்டில் போர்வெல் மோட்டார் ரிப்பேர். நாலைந்து பேர் சேர்ந்து இரும்புக் குழாயை மேலே இழுத்தார்கள். நிமிர்ந்த குழாயின் முனை மேலே போன மின்சாரக் கம்பியில் பட்டது. "முன்னாடி புடிச்சிருந்தவன் நான். அவ்ளோதான்." இரண்டு கைகளும் கருகிப்போய், முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் மனைவிதான் ஊட்டிவிட்டார், மூக்கு சிந்திவிட்டார், ஈ ஓட்டினார். "கண்ணுல தூசி விழுந்தாக்கூட இவளைக் கூப்பிடணும். இவ வர்றதுக்குள்ள தூசியே போயிரும்."

பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்துக் காத்திருந்தார். விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த ஒருவரின் வீட்டார் கிட்னி, ஈரல், இதயத்தோடு கைகளையும் கொடுத்தார்கள். யார், எந்த ஊர் என்பதை இரு பக்கத்துக்கும் சொல்லமாட்டார்கள்; அது விதி. அவருக்குத் தெரிந்ததெல்லாம், வந்த இடது கையில் மோதிரம் போட்ட தடம் ஒன்று வெளுப்பாக இருந்தது என்பதுதான்.

"கல்யாணம் ஆனவன் போலிருக்குது" என்றார் ஒரு நாள், அந்த விரலை நான் மடக்கிக்கொண்டிருந்தபோது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார். "மொதல்ல எனக்குக் கூச்சமா இருந்துதுங்க. யாரோ வேத்து ஆம்பள கை மேல பட்ட மாதிரி. இப்ப பழகிடுச்சு. என் வூட்டுக்காரரு ஒண்ணரை ஆளுங்க."

"பாத்தியா பாப்பா, அரை ஆளு எக்ஸ்ட்ரா கெடச்சும் இவளுக்குத் திருப்தி இல்ல!"

மாத்திரைகளை விழுங்குவதற்கு அவர் போனில் அலாரம் வைத்திருந்தார். எங்கே நின்றாலும் சரி, பேச்சை வெட்டிவிட்டு, "விருந்தாளிக்குக் காப்பி குடுக்கற நேரம்" என்று மாத்திரை டப்பாவை எடுப்பார். ஆயுசு முழுக்க அந்த மாத்திரை உண்டு. நிறுத்தினால், உடம்பு அந்தக் கைகளை வேற்று ஆளாகப் பார்த்து எதிர்க்க ஆரம்பித்துவிடும். மாத்திரையால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவதும் நிஜம். சாதாரணப் புண்கூட அவருக்குச் சாதாரணம் இல்லை. இதையும் மறைக்காமல் மேடையில் சொல்லுவார். "சும்மா வந்துருமா? விருந்தாளிய வூட்ல வெச்சா கவனிக்கணும்ல?"

கையை மறைக்கவே மாட்டார். பங்குனி வெயில், மார்கழிப் பனி, எப்போதும் அரைக்கைச் சட்டைதான். "முழுக்கை போட்டுட்டுப் போயேன், யாருக்கும் தெரியாது" என்று உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னாராம். அன்றைக்கே போய் இருந்த முழுக்கைச் சட்டைகளையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்து வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுவார்கள். சோறு என்றால் ராகிக் களியும் கறிக்குழம்பும். பெரிய அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டிய களியை, ஈரத்துணி விரித்த பலகையில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சுடச்சுட உருட்டிப் போட வேண்டும். கொஞ்சம் ஆறினால் வெடித்துவிடும்; அதனால் கொதிக்கிற சூட்டிலேயே வேலை. அவருடைய ஊரில் இருபது வயதிலிருந்து களி உருட்டியவர் அவர்தான். கம்பியில் குழாய் பட்ட வருஷத்தோடு அது நின்றது. கை வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "பண்டிகைக்கு உருட்டிருவனா பாப்பா?"

அதற்குத்தான் வாராவாரம் வந்தார். நான் மாவுப் பந்து கொடுத்து அமுக்கச் சொல்வேன். அவர் அதைக் களியுருண்டை ஆக்கி மேஜையில் வரிசையாக அடுக்குவார். விரல்கள் நன்றாகத்தான் மடங்கின. இல்லாதது உணர்ச்சி. நரம்பு, வெட்டிச் சேர்த்த இடத்திலிருந்து விரல் நுனிக்கு மெல்ல மெல்ல வளர்ந்து வர வேண்டும். இரண்டு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் ஊற்றி விரலில் வைத்துப் பார்ப்பேன்.

"கண்ண மூடுங்கண்ணா. இது சூடா, ஜில்லா?"

"சூடு."

மாற்றி வைப்பேன். "இது?"

"சூடு."

"அண்ணா, இது ஐஸு."

"ஐஸும் ஒரு மாதிரி சுடத்தான் சுடும் பாப்பா, நீ வெச்சுப் பாரு."

எல்லாவற்றுக்கும் சூடு என்றே சொல்வார். பாதி தடவை சரியாகிவிடும் அல்லவா! அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, "பாத்தியா, தெரியுது" என்று மனைவியிடம் பெருமையடிப்பார். அந்த அம்மாவோ வீட்டில் அவர் தொடுகிற டம்ளர், தட்டு, குளிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் முதலில் தான் தொட்டுப் பார்த்த பிறகுதான் விடுவார்.

மண்டியில் பேசினால் கேள்விகள் பறக்கும். நோய், ஆபரேஷன், மருந்து பற்றிய கேள்விகளை எனக்குத் தள்ளிவிடுவார். மற்றதெல்லாம் அவருக்கு.

"எந்த ஆளுங்க கை அது?" என்று கேட்காத கூட்டமே இல்லை. எங்கள் மாவட்டத்தில் 'எந்த ஆளுங்க' என்றால் சாதி. கேட்கிறவர்கள் வெட்கப்படாமல் கேட்பார்கள். நான்தான் கொதித்துப் போவேன். அவர் யோசிக்கவே மாட்டார்.

"பி பாசிட்டிவ் ஆளுங்க."

"அது தெரியாதா எங்களுக்கு. ஆளுங்கன்னா…"

"டாக்டருங்க ரத்தத்தைத்தான் கேட்டாங்க. அளவு பாத்தாங்க, தோலு நெறம் பாத்தாங்க. நீ கேக்கறதக் கேக்க மறந்துட்டாங்க. போன் நம்பர் தரட்டா, நீ கேட்டுச் சொல்றியா?"

ஒரு தடவை ஒரு முதியவர், தலைப்பாகையும் கையில் ரசீதுமாக நின்றவர், வேறு ஒன்று கேட்டார். இதில் கிண்டல் இல்லை, உண்மையான கவலை. "ஏம்பா, பொணத்துக்குக் கட்டைவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டறமே. கைய எடுத்துட்டா எதைக் கட்டறது? கட்டு இல்லாத பொணத்த ஊருக்குள்ள எடுத்தாருவாங்களா?"

எங்கள் பக்கம் செத்தவர் கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டாமல் பாடையில் வைக்க மாட்டார்கள். சுடுகாட்டில் வைத்துத்தான் அவிழ்ப்பார்கள். கிட்னி எடுத்தால் வெளியே தெரியாது. கை தெரியும். கண் கொடுக்கச் சம்மதிக்கிறவர்களும் கை என்றதும் பின்வாங்குவது இந்த இடத்தில்தான்.

அவர் கூடையிலிருந்து இறங்கி அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் நின்றார். "வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க மாமா. அளவெடுத்து செயற்கைக் கை வெச்சுத் தெச்சுதான் அனுப்புவாங்க. அந்தக் கட்டைவிரலைக் கட்டிக்கலாம். யாரும் கொறை சொல்ல முடியாது." பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "கட்டு அந்தக் கைக்கு. இது கட்டுக்குத் தப்பின கை."

பெரியவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கொடுக்கவில்லை. ஒற்றை விரலால் அந்த நகத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். "நகம் வளருது பாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

அரூர் சந்தையில் நடந்தது இன்னொரு விதம். கை பற்றிப் பேசி முடித்த பிறகு, நான்தான் வாய் சும்மா இராமல், முகத்தைக்கூட மாற்றுகிறார்கள் என்று ஆரம்பித்தேன். தீயில் வெந்தவர்கள், வாயும் மூக்கும் இழந்தவர்கள், மூடிய அறையிலேயே வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இறந்தவர் முகத்தின் தோலும் தசையும் பொருத்துகிறார்கள், வெளிநாடுகளில் செய்திருக்கிறார்கள், நம் பக்கம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை என்றேன். புளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி படக்கென்று எழுந்துவிட்டார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? எம் பொண்ணு மூஞ்சிய எவளுக்கோ வெச்சு, அவ அரூர் பஸ் ஸ்டாண்டுல எதுத்தாப்புல வந்தா நான் என்னா பண்ணுவன்? 'அம்மா'ன்னு அவளும் கூப்புட மாட்டா, 'கண்ணு'ன்னு நானும் கூப்புட முடியாது. நடுரோட்டுல செத்துருவன்."

முகத்துக்கு அடியில் எலும்பு வேறு, அதனால் இறந்தவரின் முகம் அப்படியே வராது, மூன்றாவது ஒரு முகம் மாதிரிதான் இருக்கும் என்று நான் விளக்கினேன். சரியான விளக்கம்தான். அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. இவர் என்ன சொல்லப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"வேணாங்க்கா" என்றார். "மனசுக்கு ஒப்பலன்னா குடுக்காதீங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு அந்த மாதிரி மூஞ்சி இல்லாத பொண்ணு ஒண்ணு உங்ககிட்டப் புளி வாங்க வந்தா, மூஞ்சியத் திருப்பிக்காம காசு வாங்குவீங்களா?"

அந்த அம்மா மறுபடியும் புளிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பஸ் ஏறும்போது, "யோவ் தம்பி" என்று கூப்பிட்டு, ஒரு பொட்டலம் புளியை இவர் கையில் திணித்தார். கையில்தான். பையில் போடவில்லை.

அவரோடு எனக்கு ஒரே ஒரு பெரிய சண்டை வந்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் மூளைச்சாவில் கிடக்கிறான், வீட்டார் கிட்னிக்குச் சரி என்றுவிட்டார்கள், கைக்குத் தயங்குகிறார்கள், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஆகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். நான் அதற்குள் பையை மாட்டிக்கொண்டேன். அவர் அசையவில்லை.

"நான் வரல."

"அண்ணா, யாரோ ஒருத்தர் உங்களாட்டமே கையில்லாம உக்காந்திருக்காங்க!"

"தெரியும். நானும் உக்காந்திருந்தவன்தான். அதுக்குன்னு சாவு வூட்ல போயி கைய நீட்டிகினு நிக்கணுமா? அவங்க புள்ள மூஞ்சியப் பாக்கற நேரத்துல என் கையப் பாக்க வெக்கணுமா? கேக்கறதுக்கு ஆஸ்பத்திரியில ஆளுங்க இருக்காங்க, பக்குவமா கேப்பாங்க. அழுதுகினு இருக்கறவங்க எதுக்கும் தலயாட்டுவாங்க பாப்பா. எனக்கு அந்தத் தலயாட்டல் வேணாம்."

"அப்ப எங்கதான் கேக்கறதாம்?"

"மண்டியில. சந்தையில. நல்லாத் தின்னு நல்லா வம்பு பேசிகினு இருக்கறப்ப. அப்பவே அவனவன் வூட்ல சொல்லி வெச்சிரணும். சொன்னவன் வார்த்த இருந்தா, வூட்டுக்காரங்களுக்கு பாரம் இல்ல."

நான் இன்றுவரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. போயிருந்தால் என்ன என்று எனக்கு இப்போதும் தோன்றும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், எனக்கு அப்படி ஏதாவது ஆனால் கை, முகம் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "வாயக் கழுவுடி மொதல்ல" என்றாள் அம்மா. கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாள். கேட்டதை இனிக் கேட்காததாக ஆக்க முடியாது.

அந்த வருஷப் பண்டிகைதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அதன் பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது.

பண்டிகைக்கு முன்னால் கோயில் தர்மகர்த்தா அவர் வீட்டுக்கு வந்தார். வேறு யாருமில்லை, அவருடைய பெரியப்பா மகன். கைகள் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவருக்குக் கை கொடுக்காதவர். பயிற்சிக்காக நானும் அன்று அங்கே இருந்தேன்.

"தம்பி, இந்தத் தடவ கோயில்ல உனக்கு மாலை போடறதுன்னு பேசியிருக்கறோம்டா. மேளம் வெச்சுக் கூட்டிகினு போறோம். களிமேல மட்டும் கை வெக்காத."

"ஏன்?"

"ஜனங்க சாப்புடாதுடா. செத்தவன் கைன்றாங்க. அதுவும் எந்த ஆளுங்க கைன்னே…"

"பி பாசிட்டிவ்."

"வெளயாடாதடா!"

"மாலைய கெடாவுக்குப் போடுங்கண்ணா, அதுதான் அன்னிக்கு சாவப் போவுது. நான் களி உருட்டறன்." குரல் ஏறிவிட்டது. "நான் எதுக்கு மண்டியில தொண்ட கிழியக் கத்தறன்? எவனோ ஒருத்தன் வூட்ல பெத்தவளும் பொண்டாட்டியும் நெஞ்சக் கல்லாக்கிகினு குடுத்த கை இது. இந்தக் கையில வாங்கித் தின்ன மாட்டன்றவன், நாளைக்கு அவன் புள்ள கையக் குடுப்பானா? சொல்லுங்க!"

தர்மகர்த்தா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். இவர் வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். நான் தர்மகர்த்தாவை விட மோசம் என்பது அவருக்குத் தெரியாது.

"உருட்டக் கூடாதுங்கண்ணா" என்றேன். "கொதிக்கற களி. தோலு வெந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது. நீங்க சாப்புடற மாத்திரைக்குப் புண்ணு ஆறாது. புண்ணு முத்துனா கையே போயிரும்."

"போனாப் போவட்டும்."

"போவட்டும்னு சொல்ல அது உங்க கை மட்டுமா? இப்பத்தான நீங்களே சொன்னீங்க?"

அவர் கையின் தையல் தடத்தைத் தடவிக்கொண்டார். மனைவிதான் குறுக்கே புகுந்தார். "கொட்டுன களிய மொதல்ல நான் தொட்டுப் பாக்கறன். நான் சரின்னா இவரு கை வெக்கட்டும். நான் சொல்றதுக்கு முன்னாடி வெச்சா, மறுபடியும் ஊட்டி வுட மாட்டன்." அந்த நிபந்தனைக்கு அவர் தலையாட்டினார். நானும் அரைமனதாக ஒத்துக்கொண்டேன்.

பண்டிகையன்று கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பலகை போட்டிருந்தார்கள். பலகையின் ஒரு முனையில் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இவருக்குக் கை போன வருஷத்திலிருந்து களி உருட்டிவந்தவன். மறு முனையில் இவர். பக்கத்தில் வாளித் தண்ணீரோடு மனைவி. நான் இன்னொரு வாளியோடு அவருக்குப் பின்னால்.

மனைவி தொட்டுப் பார்த்து, "ம்" என்றார். இவர் கையை நனைத்து உருட்டினார். முதல் உருண்டை கோணலாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை.

தட்டு ஏந்திய வரிசை முழுக்க மச்சான் பக்கம் போய்விட்டது.

இவர் பார்க்காதது போல உருட்டிக்கொண்டே இருந்தார். உருண்டைகள் பலகையில் சேர்ந்தன. சேர்ந்தவை ஆறின. ஆறியவை வெடித்தன. "என்னாப்பா, போண்டா போடறியா?" என்று ஒருவன் கேட்டான். "கம்முனு வாடா, செத்தவன் கைடா அது" என்றான் பக்கத்தில் இருந்தவன். காதில் சொல்கிற மாதிரிதான் சொன்னான், எல்லோருக்கும் கேட்டது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அடுத்த அண்டாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. அவர் மனைவிக்காகக் காத்திருக்கவில்லை. கோபமோ என்னவோ, கையை நனைக்கக்கூட இல்லை. நான் "அண்ணா!" என்று கத்துவதற்குள் வலது கையைக் களிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளிவிட்டார்.

"ஸ்ஸ்ஸ்" என்று கையை வெடுக்கென்று இழுத்தார். அள்ளிய பிடி பலகையில் விழுந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினேன். திட்டிக்கொண்டே அமுக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை விசித்திரமாக இருந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் மாதிரி.

"பாப்பா. சுடுதா?"

"பின்ன? கொதிக்கற களி சுடாதா?"

"அதில்ல பாப்பா. எனக்கு. எனக்குச் சுடுது."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அதற்குள் அவர் வாளியிலிருந்து கையை உருவிவிட்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட, விரல் நுனி சிவந்திருந்த அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"யோவ்! சுடுதுய்யா! எவன்டா சொன்னான் செத்த கைன்னு? வாங்கடா இங்க! செத்த கைக்குச் சுடுமாடா?"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தட்டு வரிசை அப்படியே நின்றது. தர்மகர்த்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், "சரி சரி, கைய எறக்குடா, போதும்" என்று. வாளியோடு திரும்பி வந்த மனைவி என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்தார்.

மறுமுனையில் இருந்த மச்சான்தான் எழுந்து வந்தான். பலகையில் விழுந்து கிடந்த அந்தப் பிடிக் களியை எடுத்தான். உருண்டை ஆகாத பிடி. நாலு விரல் தடமும் அதில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைப் பிட்டு, குழம்புச் சட்டியில் தோய்த்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"உப்பு கம்மி மாமா."

"உப்பு போட்டது நீதானடா, நாயே!"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசையே சிரித்தது. போண்டா என்று கேலி செய்தவன் தட்டை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லாத் தட்டும் வந்தது என்று நான் எழுதமாட்டேன், வரவில்லை. தர்மகர்த்தா வீட்டார் மச்சான் பக்கமே நின்றார்கள். இவர் பக்கம் கடைசிவரை உருண்டைகள் மிஞ்சியிருந்தன.

ஆனால் உருட்டியதை நிறுத்தவில்லை அவர். மனைவி தொட்டுப் பார்த்துத் தள்ளிய களியை இடது கையால் உருட்டினார். வலது கையை நான் விடவில்லை. வாளித் தண்ணீரில் பிடித்துவைத்திருந்தேன், பையிலிருந்து மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு. மனைவி ஒருபக்கம் அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார், நிபந்தனையை மீறியதற்காக. நான் மருந்தைத் தடவப் போனபோது இவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இரு பாப்பா" என்றார். "கொஞ்ச நேரம் சுடட்டும்."